லைனை நிறுத்த யாரைக் கேட்க வேண்டும்?

புதிதாக இந்தப் பிரிவில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். விதிகளைப் பற்றி எழுத மாட்டேன். அவை உங்கள் மேஜை மேலேயே இருக்கின்றன. நான் ஓய்வு பெற்ற பிறகு அவற்றில் பாதி மாறியும் இருக்கும்.

நம் வேலையை வெளியாட்களுக்கு விளக்குவது கஷ்டம். "ஒரு கம்பெனி யாருடையது என்று கண்டுபிடிக்கிற வேலை" என்று என் கணவரிடம் சொன்னால், "அதுதான் வாசல் போர்டிலேயே போட்டிருக்குமே, அதற்கு எதற்குச் சம்பளம்?" என்பார். போர்டில் போட்டிருக்கும். பதிவுப் பத்திரங்களிலும் அதே பெயர்தான் இருக்கும். ஆனாலும் நம்மை அனுப்புகிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. நம்மோடு நில எல்லை உள்ள நாடுகளிலிருந்து முதலீடு வந்தால் அரசின் முன் அனுமதி வேண்டும். அது நேராக வந்தாலும் சரி, நாலு ஊர் சுற்றி வந்தாலும் சரி. சிப் தயாரிக்கும் தொழில் என்றால் கேள்விகள் கூடும். வீட்டுக்கு வீடு மாட்டும் மின் மீட்டரில் தொடங்கி ரயில் சிக்னல் வரைக்கும் அந்தக் கறுப்புத் துண்டுகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைச் செய்கிற இடத்தில் யாருடைய சொல் எடுபடுகிறது என்று அரசு கேட்பதில் தப்பில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தேகப்படுவதுதான் திறமை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்களோடு வேலை பார்த்த ஒருவர், ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் வெளிநாட்டு எழுத்துள்ள காலண்டர் தொங்குவதைப் பார்த்துவிட்டு இரண்டு பக்கத்துக்குச் சந்தேகக் குறிப்பு எழுதினார். அது பக்கத்துத் தெரு ஓட்டலில் இலவசமாகக் கொடுத்த காலண்டர். அவரே இன்னொரு இடத்தில் தேசியக் கொடியையும் தலைவர் படத்தையும் பார்த்துவிட்டு எல்லாம் ஒழுங்கு என்று எழுதி, பிறகு அதற்கு விளக்கம் கொடுக்க அலைந்தார். அடையாளத்தைப் பார்ப்பது தப்பில்லை, அதோடு எழுந்து வந்துவிடுவதுதான் தப்பு.

இனி கோவில்பட்டி விஷயம். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்த எல்லை நாட்டைச் சந்தேகித்தோம் என்றும் கேட்காதீர்கள். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பென்ஷன் வாங்குகிறேன்.

கோவில்பட்டிக்கு வெளியே எட்டயபுரம் சாலையில் ஒரு சிப் ஆலை. வெளியிலிருந்து வரும் சில்லுகளுக்குக் கம்பி கட்டி, கறுப்புப் பிளாஸ்டிக்கில் பொதிந்து, சோதித்து அனுப்புவார்கள். பெரும்பாலும் மின் மீட்டருக்குப் போகிற சரக்கு. முதலாளி தனபால் தலைமுறையாகத் தீப்பெட்டித் தொழில் செய்த குடும்பத்துக்காரர். தூசி ஒரு பொட்டு இருக்கக்கூடாத தொழிலைக் கொண்டுவந்து, ஆடிக் காற்றில் கரிசல் மண் கண்ணை மறைக்கும் ஊரில் வைத்திருக்கிறாரே என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உள்ளே போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கதவுக்குள் கதவு, அதற்குள் இன்னொரு கதவு. புதூர், எட்டயபுரம் பக்கத்துப் பெண்கள் வேனில் வந்து இறங்கி, கால் கழுவி, நீலக் கோட்டும் தலையுறையும் மாட்டிக்கொண்டு போனார்கள். இடம் ஆஸ்பத்திரிபோல இருந்தது.

ஆலையில் ஒரு லைன், அதாவது ஒரு உற்பத்தி வரிசை, ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது லைன் போடக் கூடுதல் வெளிநாட்டுப் பணம் வேண்டும், அதற்குத்தான் விண்ணப்பம். ஏற்கெனவே முதலீடு செய்திருந்ததும் இப்போது போட இருந்ததும் ஒரு சிங்கப்பூர் நிறுவனம். அதற்குப் பின்னால் எல்லை நாட்டுப் பணம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. பாதிக்கு மேல் பங்கு தனபாலிடம். இயக்குநர் குழுவிலும் அவர் ஆட்களே அதிகம். நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க என்னையும் ரமணனையும் அனுப்பினார்கள். ரமணன் சென்னைக்காரர், கணக்கில் கெட்டிக்காரர், எனக்கு இளையவர். நான் புதூர்ப் பக்கத்தில் பிறந்தவள். அதை எழுத்தில் தெரிவித்தேன். அங்கே எனக்கு நிலமோ பங்கோ கிடையாது என்பதால் போகச் சொன்னார்கள்.

முதல் நாள் முழுக்கக் காகிதங்கள். எதிலும் குறை இல்லை. நான் புதூர்ப் பக்கத்துக்காரி என்பதைத் தனபாலிடமும் முதலிலேயே சொல்லியிருந்தேன். கடைசியாக வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "அண்ணாச்சி, இதுல காட்டியிருக்கிறது போக முதலீட்டாளரோட வேற ஒப்பந்தம் ஏதாவது உண்டா?"

தனபால் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கிடையாதும்மா. இருந்தா நான் ஏன் மறைக்கப் போறேன்? அம்மன் மேல சத்தியம்."

பொய் சொல்லுகிற முகங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். அது அப்படிப்பட்ட முகம் இல்லை. ரமணன் பேனாவை மூடினார். நாங்கள் கிளம்பும்போது தனபால் கைகூப்பினார். "நாளைக்குக் காலையில அம்மன் கோயில்ல எங்க மண்டகப்படி. நீங்க எங்க வீட்டுல கை நனைக்க மாட்டீங்கன்னு தெரியும். சாமியைக் கும்பிட்டுட்டுப் போகலாம்லா?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பங்குனித் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பமோ ஒரு தெருவோ ஏற்று நடத்தும். அதுதான் மண்டகப்படி. அன்றைக்கு அம்மன் உலா வரும் சப்பரம் அந்தக் குடும்பத்தின் மண்டபத்தில் வந்து நிற்கும். அபிஷேகம் முடிந்ததும் பட்டர் குடும்பத் தலைவருக்குத் தலையில் பட்டுத்துணி கட்டி மாலை போடுவார். அந்தத் துணிதான் பரிவட்டம். துபாயில் இருப்பவன்கூட அதற்காக டிக்கெட் போட்டு வருவான். வீட்டில் சாவு விழுந்து தீட்டாக இருந்தால் ஒழிய யாரும் அதைத் தவறவிட மாட்டார்கள்.

மறுநாள் எங்களுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் ரயில். ரமணன் விடுதியில் அறிக்கையை டைப் செய்துகொண்டிருந்தார். நான் கோயிலுக்குப் போனேன். அரசாங்க வேலையாகப் போகவில்லை, சாமி கும்பிடத்தான் போனேன்.

மண்டபத்தில் ஏதோ சரியில்லை. அபிஷேகம் முடிந்து அலங்காரமும் ஆகிவிட்டது. பட்டர் தட்டில் பரிவட்டத்தை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர் அதே கீர்த்தனையை மறுபடி தொடங்கினார். பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள் வியர்த்துப்போய் இங்கும் அங்கும் நடந்தார். தனபாலின் அக்கா செல்வக்கனி என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கடைசியில் சித்தப்பா மகன் ஒருவரை இழுத்து நிறுத்திப் பரிவட்டம் கட்டினார்கள். அவர் கூச்சத்தில் நெளிந்துகொண்டே நின்றார்.

நான் செல்வக்கனியிடம் போய், வந்திருப்பது யார் என்று சொல்லிவிட்டுத்தான் பேசினேன். "தீட்டு ஏதும் உண்டா அக்கா?"

"தீட்டும் இல்ல கீட்டும் இல்ல. ஃபேக்டரியில நிக்கான். லைன் ஓடுதாம், வர முடியாதாம். ஊர்ல தீப்பெட்டி ஆபீஸ் அத்தனையும் பூட்டிக் கிடக்கு. இவனுக்கு மட்டும் லைன் ஓடுதாம்!" என்று பொரிந்தவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "நீங்க எந்த ஊரும்மா?"

"புதூர்ப் பக்கம்."

"அப்ப உங்களுக்குத் தெரியும். எங்கப்பா காலத்துல இருந்து இப்பிடி ஒரு நாள் வந்ததில்ல."

எனக்குத் தெரிந்தது. அதுதான் உறுத்தியது. வேறு ஊர்க்காரர் யாராவது இதைப் பார்த்திருந்தால், சாமியைவிடத் தொழில் பெரிது என்று நினைக்கும் நவீன முதலாளி என்று பாராட்டிவிட்டு ரயில் ஏறியிருப்பார். இந்த ஊரில் ஆலை வைத்திருப்பவர் தன் மண்டகப்படி நாளில் ஆலையை மூடவில்லை என்றால் இரண்டில் ஒன்று. அவருக்குச் சாமி மேல் நம்பிக்கை போயிருக்க வேண்டும், அல்லது மூடுகிற அதிகாரம் அவரிடம் இல்லாமல் இருக்க வேண்டும். முந்தின நாள்தான் அம்மன் மேல் சத்தியம் செய்தார்.

ரமணனுக்கு ஃபோன் செய்தேன். "என்ன மேடம், சாமி ஊர்வலத்தை வச்சு முதலீட்டு ரிப்போர்ட் எழுதப் போறோமா?" என்று சிரித்தார். "எழுதப் போறதில்ல. கேக்கப் போறேன். நீங்களும் வாங்க" என்றேன்.

ஆலைக் கேட்டருகே வேப்பமரத்து நிழலில் தனபால் நின்றுகொண்டிருந்தார். பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஃபோன். கோயிலுக்குப் புறப்பட்ட கோலத்திலேயே இருந்தார். எங்களைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

"ஊருக்குப் போயிட்டீங்கன்னுல்லா நெனச்சேன்."

"கோயிலுக்குப் போயிருந்தேன் அண்ணாச்சி. உங்களைத்தான் காணோம்."

அவர் பதில் சொல்லுவதற்குள் ஃபோன் அடித்தது. முதுகைக் கொஞ்சம் வளைத்து, வாயை மூடினாற்போலக் கை வைத்துப் பேசினார். "எஸ் சார்... ரன்னிங் சார்... நோ சார், நோபடி கோயிங் சார்." பேசி முடித்து நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அண்ணாச்சி, இந்த லைனை நிறுத்தணும்னா நீங்க யாரைக் கேக்கணும்?"

அவர் எங்களை அலுவலகத்துக்குள் கூட்டிப்போய் மின்விசிறியைப் போட்டார். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

முதல் லைன் போட நினைத்தபோது எந்த வங்கியும் மதிக்கவில்லை. தீப்பெட்டிக்காரனுக்கு எதற்குச் சிப் என்று கேட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூர்க்காரர் வந்தார். தமிழர், மரியாதையானவர். தனபால் வீட்டுக்கே வந்து, தரையில் உட்கார்ந்து, இலை போட்டுச் சாப்பிட்டார். செல்வக்கனிதான் பரிமாறியிருக்கிறார். சாப்பிட்டு முடித்து, பணம் தருகிறேன், எனக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுங்கள் என்றாராம். தன்னைக் கேட்காமல் லைனை நிறுத்தக் கூடாது. யாருக்கு முதலில் சரக்குப் போக வேண்டும் என்பதையும் தானே சொல்வார். சோதனை மெஷினில் ஓடும் மென்பொருளைத் தாங்கள் அனுப்புகிறபடியே ஏற்ற வேண்டும், திறந்து பார்க்கக் கூடாது. சற்று முன் ஆங்கிலத்தில் விசாரித்தது அவருடைய ஆபீஸ் ஆள்; திருவிழாவுக்கு லைனை நிறுத்தக் கூடாது, நீங்களும் ஆலையை விட்டு நகரக் கூடாது என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

"நான்தாம்மா கேட்டேன், பத்திரம் எழுதிக்கிடுவமான்னு. 'உங்க ஊரைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன், உங்க சொல்லே போதும்'னுட்டாவ. வங்கிக்காரன் எங்க அப்பா பேரைச் சொன்னாலும் நம்பல. இவிய என் வாயை நம்புனாவ. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

"இதை ஏன் நேத்துச் சொல்லல?"

"நீங்க ஒப்பந்தம் உண்டான்னுல்லா கேட்டீங்க. முத்திரைத்தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் ஒப்பந்தம். இது வாக்கு."

அவர் நடிக்கவில்லை. தீப்பெட்டி வியாபாரம் அப்படித்தான் நடந்திருக்கிறது. குச்சி, மெழுகு, அட்டை எல்லாமே வாய்ச்சொல்லில் கைமாறும். காகிதம் அரசாங்கத்துக்கும் வங்கிக்கும் காட்டுவதற்கு. அங்கே காகிதத்தை மீறினால் வக்கீலைப் பார்க்கலாம், வாக்கை மீறினால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. அதனால் அரசாங்கம் கேட்கும்போது வாக்கைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வேறு ஊரில் யாரும் செய்திருக்க முடியாத தவறு இது. அறியாமல் செய்தாலும் தவறுதான். எனக்குக் கோபம் வந்தது, தனபால் மேல் இல்லை. இந்த ஊரில் எந்தக் கயிறு அறாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதையே எடுத்து இவரைக் கட்டியிருந்த ஆள் மேல்தான்.

ரமணன் என்னை வெளியே கூப்பிட்டார். "மேடம், இது வாய்ப்பேச்சு. சாட்சியம் எதுவும் இல்ல. காகிதத்துல கட்டுப்பாடு முழுக்க இவர்கிட்டதான் இருக்கு. நாளைக்கு இவரே மறுத்தா நமக்குத்தான் கெட்ட பேர்."

அந்த நேரம் பார்த்து மேலதிகாரி ஃபோனில் வந்தார். மாலைக்குள் அறிக்கை வேண்டும், நல்ல திட்டம், வறண்ட பூமியில் இப்படி ஒரு தொழில் வருவது அபூர்வம், தேவையில்லாமல் இழுக்க வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறு இல்லை. இப்படிப்பட்ட நெருக்கடிகள்தான் உங்களுக்கும் வரும். யாரும் லஞ்சத்தோடு வந்து நிற்க மாட்டார்கள். நியாயமான ஒருவர் நியாயமான குரலில் அவசரப்படுத்துவார்.

நான் உள்ளே போய்த் தனபாலிடம் நேராகச் சொன்னேன். "நீங்க சொன்னதை நான் எழுதத்தான் போறேன் அண்ணாச்சி."

"எழுதாதீங்கம்மா. எழுதுனா அனுமதி வராது. ரெண்டாவது லைன் வராது. இருக்கிற பணத்தையும் உருவிட்டுப் போயிருவாவ. உங்க ஊர்ப் பக்கமிருந்தே ஒரு வேன் நிறையப் பிள்ளைய வருது. அதுகளை வீட்டுல உக்காருன்னு சொல்லுதீங்களா?"

"எழுதாட்டா அனுமதி வரும். பெரிய லைனும் வரும். அதையும் நீங்க ஃபோன்ல கேட்டுட்டுத்தான் நிறுத்தணும். அந்த மெஷின்ல என்ன ஓடுது, சிப்புல எதை ஏத்துதுன்னு உங்களுக்கே தெரியாது. அந்தச் சிப்பு உள்ள மீட்டரை உங்க வீட்டுலயும் மாட்டுவாங்க, எங்க வீட்டுலயும் மாட்டுவாங்க."

"அப்ப வாக்கை மீறச் சொல்லுதீங்க."

ஒரு மனிதரை வாக்கை மீறச் சொல்ல எந்த விதியும் எனக்கு அதிகாரம் தரவில்லை. அந்தச் சமயத்தில் செல்வக்கனி பிரசாதத் தூக்குச்சட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். தம்பியைத் திட்டுவதற்காகவே வந்திருந்தார். நடந்ததைக் கேட்டதும் திட்டை மறந்துவிட்டார்.

"ஏலே, வாக்கை மீறத்தான் கூடாது. திருப்பி எடுத்துக்கிடலாம்லா? குச்சி வரலைன்னா, வெலை ஏறிப்போச்சுன்னா, அப்பா போய் வாக்கு வாங்குனவிய கடையில நேரா நின்னு, என் சொல்லைத் திருப்பி எடுத்துக்கிடுதேன், மன்னிச்சுக்கிடுங்கன்னு சொல்ல மாட்டாவளா? அவிய ஏசுவாவ. ஏசட்டும். ஏச்சை வாங்கிட்டு, அவிய குடுக்க தண்ணியைக் குடிச்சிட்டு வந்தா அதோட முடிஞ்சுது. நீ வாக்குக் குடுத்தப்ப நான் பக்கத்துல நின்னேன். இப்பவும் நிக்கேன். சொல்லு."

தனபால் ஃபோனை எடுத்தார்.

நான் தடுத்தேன். "பேசுறதுன்னா, அதிகாரிங்க பக்கத்துல இருக்காங்கன்னு முதல்ல சொல்லிருங்க." ரமணன் என்னை விநோதமாகப் பார்த்தார். ஒளிந்து நின்று கேட்கிற பேச்சு நமக்கு வேண்டாம் என்பதை அவருக்கு அங்கேயே விளக்க நேரமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். மறைந்திருந்து ஒரு உண்மையைத் தெரிந்துகொண்டால், அதை எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதை ஆயுள் முழுக்க மறைத்துக்கொண்டு திரிய வேண்டும்.

தனபால் ஸ்பீக்கரைப் போட்டார். "அண்ணாச்சி, தனபால் பேசுதேன். கவர்மெண்ட் ஆபீசர்மாரு பக்கத்துல இருக்காவ. எங்க அக்காவும் நிக்கா. அன்னைக்கு நான் உங்களுக்கு ஒரு வாக்குக் குடுத்தேன். அதைத் திருப்பி எடுத்துக்கிடுதேன். மன்னிச்சுக்கிடுங்க. இனி லைனை ஓட்டுறதும் நிறுத்துறதும் என் பொறுப்பு."

மறுமுனையில் ஒரு மரியாதையான குரல் சொன்னது: "கொஞ்சம் இருங்க. நான் கேட்டுட்டு லைன்ல வரேன்."

தனபாலின் புருவம் சுருங்கியது. "யாரைக் கேக்கணும் அண்ணாச்சி? நீங்கதான முதலாளி?"

இணைப்பு அறுந்துவிட்டது. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்பது தனபாலுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. ஒரு மனிதரை நம்பி வாக்குக் கொடுத்ததாக நினைத்திருந்தார். அந்த மனிதரும் வேறு யாரையோ கேட்டுத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

இங்கேதான் ரமணன் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினார். மறைத்தால்தான் குற்றம், முடிவெடுப்பதற்கு முன்னால் விண்ணப்பதாரரே முன்வந்து சொன்னால் அது திருத்தம் என்றார். தனபால் தன் கையாலேயே எல்லாவற்றையும் எழுதித் தந்தார். நாங்கள் அதைச் சேர்த்து, சிங்கப்பூர் நிறுவனத்துக்குப் பின்னால் இருப்பது யார், அவருக்கும் பின்னால் யார், யாரைக் கேட்டுவிட்டு அவர் லைனில் வருகிறார் என்று காட்டும் ஆவணங்களைக் கேட்க வேண்டும் எனப் பரிந்துரைத்தோம். மேலதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். மாற்றச் சொல்லவில்லை. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

ஆவணங்கள் வரவே இல்லை. சிங்கப்பூர்க்காரர்கள் பின்வாங்கியதால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. கொஞ்ச காலத்தில் அவர்கள் தங்கள் பங்கையும் விற்றுவிட்டுப் போனார்கள். தீப்பெட்டிக் குடும்பங்கள் சில சேர்ந்து அதை வாங்கின. சோதனை மென்பொருளைப் பெங்களூரிலிருந்து ஆள் வரவழைத்துப் புதிதாக எழுதினார்கள். அதுவரை ஆலை ஓடியும் மூடியுமாகக் கிடந்தது.

இதை வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது லைன் வரவே இல்லை. செலவைக் குறைக்கத் தனபால் ஒரு வேனை நிறுத்தினார். அது புதூர் வேன். அந்தப் பெண்களில் சிலர் புதியம்புத்தூருக்குத் துணி தைக்கப் போனார்கள். சிலர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த ஒரு பெண் கேட்டாள். "நீங்க வந்து என்னத்தையோ எழுதிட்டுப் போனப்புறந்தான் எங்க வேன் நின்னுபோச்சாமே, மெய்தானா?" ஆமாம் என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடியும் அதே கோப்பு வந்தாலும் அதையேதான் எழுதுவேன். எழுதிய பிறகு மறுபடியும் சோறு இறங்காது. இரண்டும் சேர்ந்ததுதான் இந்த வேலை.

ஓய்வு பெற்றபின், இந்த வருஷம் பங்குனித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். தனபால் குடும்பத்தின் மண்டகப்படி நாள். வெயில் ஏறுவதற்கு முன்பே போய் மண்டபத்துக்கு எதிரே நிழலில் இடம் பிடித்துக்கொண்டேன். செல்வக்கனி அடையாளம் கண்டு ஒரு பாக்கெட் கடலை மிட்டாயைக் கையில் திணித்தார். இப்போது வாங்கிக்கொள்ள எந்த விதியும் தடுக்கவில்லை.

அபிஷேகமும் அலங்காரமும் முடிகிற நேரத்தில், சாலையில் கூட்டத்துக்குள் ஆலையின் வேன் ஊர்ந்து வந்தது. உள்ளே வேலைக்குக் கிளம்பிய பெண்கள், எட்டயபுரம் சாலைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதே ஆலை, அதே நாள், லைன் ஓடுகிறது. மறுபடி யார் பிடியில் போய் விழுந்தார் இந்த மனிதர்?

ஆனால் தனபால் மண்டபத்தில்தான் இருந்தார். பட்டர் பரிவட்டம் கட்டி மாலை போட்டார். கூட்டம் கொஞ்சம் விலகியதும் நான் பக்கத்தில் போனேன். வணக்கம் சொல்லக்கூட எனக்குப் பொறுமையில்லை.

"அண்ணாச்சி, லைன் ஓடுதே. யாரைக் கேட்டீங்க?"

அவருக்குப் புரிந்துவிட்டது. வெட்கமாகச் சிரித்தார். "யாரையும் கேக்கலம்மா. நான்தான் ஓட்டச் சொன்னேன். பெரிய ஆர்டர். இதை நேரத்துக்கு அனுப்பிட்டா புதூர் வேனை மறுபடி விடலாம்னு பாக்கேன்."

கூட்டத்தில் ஊர்ந்துகொண்டிருந்த வேன், கிளம்பவிருந்த சப்பரத்துக்கு வழிவிட வேண்டி மண்டபத்துக்கு நேராக நின்றுவிட்டது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் தலையை வெளியே நீட்டினாள்.

"அண்ணாச்சி! உங்களுக்குப் பரிவட்டம், எங்களுக்கு லைனா? அம்மன் கேப்பா உங்களை!"

மண்டபமே சிரித்தது. வேனுக்குள்ளிருந்து இன்னும் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்துகொண்டன. தனபால் பரிவட்டத்தை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களாம்மா? அந்த வருஷம் லீவு இல்லைன்னதும், கண்ணுக்குத் தெரியாத எவனையோ ஏசிக்கிட்டு வேலைக்குப் போனாவ. இப்ப என் மூஞ்சிக்கு நேரா ஏசுதாவ."

சொல்லிவிட்டு வேனைப் பார்த்தார். சப்பரத்தைப் பார்த்தார். பெருமூச்சு ஒன்று விட்டுவிட்டு டிரைவரை நோக்கிக் கையை உயர்த்தினார். "ஏலே, வண்டியை ஓரமா நிறுத்து! சாமி கும்பிட்டுட்டு, சாப்பிட்டுட்டு, மத்தியானத்துக்கு மேல போனாப் போதும். ஆர்டருக்கு நான் பேசிக்கிடுதேன்."

பெண்கள் கூச்சலோடு இறங்கினார்கள். தனபாலின் ஃபோன் சட்டைப்பையில் இருந்தது. அதை அவர் எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.